தாளிக்காத பதினைந்து நாட்கள்

மூட்டைப்பேட்டை மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்ட அன்று உச்சிவேளையில், உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு அண்டாவின் மூடியை நஞ்சப்பன் திறந்தபோது, கிழங்கெல்லாம் தானாக மசிந்து வெள்ளைவெளேரென்று மலையாகக் குவிந்து, அந்த மலைக்குள் முட்டைக்கோசு இழைகள் பச்சைப் பச்சையாக ஓடி, உச்சியில் ஒரு குழி விழுந்து, அந்தக் குழியில் உருகிய வெண்ணெய் குளம்போல நின்றது. நஞ்சப்பன் கரண்டியால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “இலையைப் போடுங், ஆறிப் போகுது” என்று ஆட்களைக் கூப்பிட்டான்.

மூட்டைப்பேட்டை மலையடிவாரத்து ஊர். மலையில் விளைகிற உருளைக்கிழங்கெல்லாம் லாரி லாரியாக இறங்கி அங்கே வரும். மண்டியில் குவிந்து, ஏலம் போய், மறுபடி மூட்டையாகி நாலு திசைக்கும் கிளம்பும். அந்த மூட்டைகளை ஏற்றி இறக்குகிற நாற்பது ஆட்களுக்கு மண்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மெஸ் ஒன்று இருந்தது. அதை நடத்துகிறவன்தான் நஞ்சப்பன். வயது அறுபத்து நாலு, இடது தோள் வலது தோளைவிட நாலு விரல் இறக்கம். மறதி என்பது அவனுக்குக் கிடையாது. நல்லது செய்தவர்களையே மறக்காதவன், கெட்டது செய்தவர்களை எங்கே மறக்கப் போகிறான்?

அந்த ஊரில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற காந்தல் அம்மைக்கு ஆகாது என்பார்கள் அல்லவா. கம்பம் நட்டுவிட்டால் மூட்டைப்பேட்டையில் ஊரே அம்மையின் வீடு. அன்றிலிருந்து பதினைந்தாம் நாள் படையல் முடிந்து கம்பத்தைப் பிடுங்குகிற வரைக்கும் எந்த அடுப்பிலும் கடுகு வெடிக்கக் கூடாது. சாம்பார் வெறும் பருப்புத் தண்ணீராக வரும், ரசம் வெறும் புளித் தண்ணீராக வரும், நாலாம் நாளுக்குள் புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுவிடும், பத்தாம் நாளுக்குள் பங்காளிகள் பழைய வரப்புச் சண்டையை எடுப்பார்கள். இது முதல் கட்டுப்பாடு. இரண்டாவது, பதினைந்தாம் நாள் அம்மன் முன்னால் வரிசையாக வைக்கிற படையல் பானைகளில் கம்பு வைக்கலாம், தினை வைக்கலாம், மொச்சை, பூசணி, சேனை எது வேண்டுமானாலும் வைக்கலாம். உருளைக்கிழங்கு மட்டும் வைக்கக் கூடாது. அது சீமைக் கிழங்கு, கப்பலில் வந்தது, அம்மனுக்கு ஆகாது. இப்படிச் சொன்ன கோயில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் யார் என்றால், உருளைக்கிழங்கு மண்டிக்காரர்கள். கிழங்கு விற்று அம்மனுக்குக் கலசம் வைக்கலாம், கிழங்கு விற்று அம்மனுக்குத் தேர் செய்யலாம், கிழங்கை மட்டும் அம்மன் கண்ணில் காட்டக் கூடாது.

இருபத்து மூன்று வருசத்துக்கு முன்னால், கமிட்டித் தலைவர் தெய்வசிகாமணியின் குடோனில், கூரை முட்ட அடுக்கிய மூட்டைகள் சரிந்து நஞ்சப்பன் அடியில் மாட்டிக்கொண்டான். அப்போது அவன் மூட்டை தூக்குகிறவன். அரை நாள் அவனைத் தேடி மூட்டைகளைப் புரட்டினார்கள். அவன் பெண்டாட்டி துளசாமணி குடோன் வாசலில் நின்று, “தாயே, என்ற புருசனை எதுக்கடியில இருந்து எடுத்துக் குடுக்கறயோ, அதையே ஒரு பானை வேக வெச்சு உன்ற முன்னால கொண்டாந்து வெக்கறேன்” என்று நேர்ந்துகொண்டாள். தோள் எலும்பு முறிந்து, உயிரோடு அவனை இழுத்துப் போட்டார்கள். அந்த வருசப் படையலுக்கு அவள் சொன்னபடியே ஒரு மண்பானை நிறைய உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுபோய் வரிசையில் வைத்தாள். தெய்வசிகாமணி வந்து பார்த்தார். பானையின் கழுத்தை இரண்டு விரலால் கிள்ளினாற்போல் பிடித்துத் தூக்கி, கோயில் சுவருக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் வைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டார். பன்னிரண்டு வருசம் அவள் வைக்க அவர் தூக்க இப்படியே நடந்து, துளசாமணி சாகிறபோது பிள்ளையில்லாத குறையைச் சொல்லவில்லை, நோவைச் சொல்லவில்லை. “நேந்தது நேந்தபடியே கெடக்குதுங்” என்றாள். அதற்குப் பிறகு அவள் இடத்தில் நஞ்சப்பன் பானையைத் தூக்கினான். வருசா வருசம் கொண்டுபோய் வைப்பான்; வருசா வருசம் தெய்வசிகாமணி தூக்கி வெளியே வைப்பார். இருவருக்கும் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் அண்டாவில் வெண்ணெய்க் குளம் நின்றது.

மெஸ்ஸுக்கு அடுத்தாற்போல் போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த மெகருன்னிசா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், இலையில் விழுந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தாள்.

“நஞ்சப்பண்ணா, இது அயர்லாந்துக்காரங்க சாப்பாடாமுங்.”

“அது எங்கம்மா இருக்குது?”

“கடலுக்கு அந்தாண்ட. எந்நேரமும் மழை பேஞ்சுக்கிட்டே இருக்குமாம்.”

“அப்ப வால்பாறையாட்டத்தான்” என்றான் மூட்டைக்காரர்களின் மேஸ்திரி ஒண்டிமுத்து. “அதுக்குத்தான் காரமே இல்ல. ஏனுங், ஊறுகாய் இருக்குதா?”

ஊறுகாய் இருந்தது. நாற்பது பேரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அயர்லாந்தைச் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, மூட்டை தூக்கப் போனார்கள். எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாளிப்பில்லாத காலத்தில் வாய்க்கு ருசியாக ஒன்று வந்தால் அதன் ஊரையும் பேரையும் விசாரிக்கிற அளவுக்கு மூட்டைக்காரனுக்கு நேரமில்லை.

மறுநாள் மூடியைத் திறந்தால் அண்டா அகலத்துக்கு ஒரு தடித்த பொன்னிற அடை. ஓரத்தில் கிள்ளிப் பார்த்தால் அடுக்கடுக்காகக் கிழங்கு, நடுவெல்லாம் முட்டை. ஸ்பெயின் என்றாள் மெகருன்னிசா. விரதம் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். விரதம் இல்லாத லாரி டிரைவர்களும் மெகருன்னிசாவும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தபோது நஞ்சப்பன் அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, “நோம்புக் காலம்னு தெரியாதா உனக்கு? நாப்பது பேரு வெறுவயித்தோட மூட்டை தூக்கியிருக்கறான். இன்னொருக்கா முட்டை, மீனு, கவுச்சின்னு கொண்டாந்தீன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்” என்று சொன்னான். அதற்குப் பிறகு அண்டா ஒரு நாளும் தப்புச் செய்யவில்லை.

மூன்றாம் நாள் வந்தது சுவிட்சர்லாந்து. கிழங்கைத் துருவி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சிவக்கவிட்ட வட்டம். வாசனை மண்டியைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்களின் மூக்கு வரைக்கும் போயிற்று. மெஸ்ஸில் எண்ணெய்ச் சட்டி காய்கிறது, கட்டுப்பாடு போச்சு என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் வந்து வாசலில் நின்றார்கள்.

“நஞ்சப்பா, என்னடா இது அக்கிரமம்? நோம்பு சாட்டியிருக்குதில்ல?” என்றார் தெய்வசிகாமணி.

“நானு தண்ணியில வேக வெச்சனுங். அது இப்புடி வந்துச்சு.”

“கடுகு போட்டயா?”

“போடலீங்.”

“கருவேப்பில?”

“இல்லீங்.”

ஐந்து பேரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். ஒருவர் வெண்ணெய் காய்ந்தாலே தாளிப்புத்தான் என்றார். இன்னொருவர், நெய்விளக்கிலும் நெய் காய்கிறது, அதைத் தாளிப்பு என்பாயா என்று கேட்டார். மூன்றாமவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஐந்து பேரும் மூன்று நாளாக வீட்டில் பருப்புத் தண்ணீர் குடித்தவர்கள். கடைசியில் தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “கடுகு வெடிச்சாத்தான் தாளிப்பு. கடுகு வெடிக்காதது விரதச் சோறுதான். எதுக்கும் நாங்க ஒரு வாய் பாத்துர்றோம்.” பார்த்தார்கள். தெய்வசிகாமணி நாலு வட்டம் பார்த்தார்.

அன்று சாயங்காலமே கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள்: மண்டி மெஸ்ஸில் சமைக்கிற பலகாரம் கமிட்டியாரால் பரிசோதிக்கப்பட்டது, சுத்தமான விரதச் சோறு, காப்புக் கட்டினவர்களும் சாப்பிடலாம். பூசாரி ஆறுக்குட்டிக்குக் காப்புக் கட்டின நாளிலிருந்து ஒரு பொழுதுதான் சாப்பாடு. அவரையும் அங்கேயே சாப்பிடச் சொல்லிக் கமிட்டி உத்தரவு போட்டது. அவர் ஈர வேட்டியோடு வந்து ஓரமாக உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நேரே கோயிலுக்குப் போய் அம்மனுக்கு மஞ்சள் பூசுவார்.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தேசம். இத்தாலியிலிருந்து கட்டைவிரல் அளவில் வரி வரியாகக் கீறின குட்டி உருண்டைகள் வந்தன. கொழுக்கட்டைக்குள் பூரணம் வைக்க மறந்துவிட்டார்கள் என்று ஒண்டிமுத்து வருத்தப்பட்டான். ஜெர்மனியிலிருந்து புளிப்பாக ஒன்று வந்தது. ஊசிப்போய்விட்டது என்று முதல் பந்தியில் பாதிப்பேர் எழுந்தார்கள், வினிகர் என்கிற புளிக்காடி ஊற்றியிருக்கிறது என்று மெகருன்னிசா படித்துச் சொன்னதும் உட்கார்ந்து மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். பிரான்சிலிருந்து பாலும் பாலாடைக்கட்டியுமாக மேலே சிவந்து கீழே குழைந்து வந்ததை, பால் திரிந்துபோயிற்று என்று சொல்லிக்கொண்டே அண்டாவைச் சுரண்டினார்கள். கொரியாவிலிருந்து இனிப்பும் உப்புமாகக் கருத்து மினுங்குகிற குண்டுமணிக் கிழங்குகள் வந்தன. வங்காளத்திலிருந்து கசகசா அரைத்துவிட்ட வெள்ளைக் கூட்டு வந்த அன்று, மத்தியானம் மண்டியில் பாதிப்பேர் மூட்டை மேலேயே தூங்கிவிட்டார்கள். பொலிவியாவிலிருந்து, பனியில் உறையவைத்து, வெயிலில் காயவைத்து, காலால் மிதித்துத் தண்ணீர் எடுத்த கருங்கிழங்கு கூழாங்கல்போலக் குழம்பில் மிதந்து வந்தது. அதைப் பார்த்ததும் பந்தியே கையை இழுத்துக்கொண்டது, ஆனால் எந்த மலையிலோ எவனோ வெறுங்காலால் மிதித்தது என்று கேட்டதும், சுமைக்காரன் பாடு சுமைக்காரனுக்குத் தெரியாதா என்று ஒருத்தன் வாயில் போட, மற்றவர்களும் போட்டார்கள்.

ஊர் இதற்குப் பழகிவிட்டது. பெண்கள் தூக்குப்போசியோடு வரிசையில் நின்றார்கள். தம்பதிகள் பேசிக்கொண்டார்கள். வரப்புச் சண்டை அந்த வருசம் எழவில்லை. மெகருன்னிசா பழைய உலகப் படம் ஒன்றை மெஸ் சுவரில் ஒட்டி, கடையில் விற்காமல் கிடந்த ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து, வந்துபோன தேசத்துக்கெல்லாம் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். மண்டியில் ஏலம் முடிந்ததும், “இன்னைக்கு எந்த நாடுங்?” என்பதுதான் பேச்சு. கமிட்டிக்காரர்கள் அதை ‘வெளிநாட்டுப் பலகாரம்’ என்றார்கள், ஊரும் அப்படியே சொல்லப் பழகிற்று. பத்து நாளில் உருளைக்கிழங்கு என்ற சொல்லே மெஸ்ஸில் காதில் விழவில்லை. நஞ்சப்பன் ஒருவன்தான் ஒவ்வொரு இலைக்கும் போடுகிறபோது, “உருளைக்கிழங்குங், உருளைக்கிழங்குங்” என்று சொல்லிச் சொல்லிப் போட்டுக்கொண்டு போனான், கோயிலில் திருநீறு கொடுக்கிறவன் சாமி பேர் சொல்வது போல. சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பதினோராம் நாள் பெரு தேசம் வந்தது. மசித்த மஞ்சள் கிழங்கில் எலுமிச்சை பிழிந்து, காரமான மிளகாய் அரைத்துக் கலந்து, அடுக்கி, குளிரக் குளிர வைத்திருந்தது. முதல் தடவையாக ஒருவரும் ஊறுகாய் கேட்கவில்லை. பூசாரி ஆறுக்குட்டிகூட நிமிர்ந்து பார்த்து, “இது நம்முளுதாட்ட இருக்குதுங்” என்றார்.

மெகருன்னிசா கைப்பேசியைப் பார்த்தாள். “கிழங்கு பொறந்த ஊரே அதுதானாமுங். அங்கிருந்துதான் கப்பல்ல வந்துச்சாம். மொளகாயும் அந்தப் பக்கத்துல இருந்துதான் கப்பல்ல வந்துச்சாம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த தெய்வசிகாமணியின் பக்கம் நஞ்சப்பன் திரும்பினான். “ஏனுங் மொதலாளி, மொளகாய நேத்திக்கடன்னு அம்மனுக்குக் கொட்டறோம்ல?”

“மொளகா வந்து ரொம்ப நாளாச்சுடா.”

“கிழங்கும் வந்து நாளாச்சுங்.”

“அதவிட இது பின்னால வந்தது.”

“எத்தனை வருசம் இருந்தா உள்ளூருன்னு ஒத்துக்குவீங்? எங்கய்யன் மூட்டை தூக்க இந்த ஊருக்கு வந்து எழுவது வருசமாச்சு. இன்னும் எங்களை வந்தவனுங்கன்னுதான் சொல்றீங்.”

“சாப்பிடறப்ப வம்பு பேசாத. இன்னொரு கரண்டி போடு.”

நஞ்சப்பன் போட்டான். “உருளைக்கிழங்குங்” என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிப் போட்டான்.

பதினாலாம் நாள் காலையில் தெய்வசிகாமணி மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்து எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தாம்பூலத் தட்டு வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது, படையல் அன்றைக்குக் கூட்டம் வரும், வெளிநாட்டுப் பலகாரம் அம்மன் முன்னால் இருந்தால் மூட்டைப்பேட்டை நோம்பித் திருவிழா மாவட்டம் முழுக்கப் பேசப்படும் என்று கமிட்டிக்குத் தோன்றியிருந்தது.

“நஞ்சப்பா, நாளைக்கு உன்ற பானைக்கு மொத வரிசை. நட்ட நடுவுல. நானே எடம் விட்டுத் தர்றேன். இருவத்தி மூணு வருசமா உன்ற பொண்டாட்டியும் நீயும் கொண்டாந்துக்கிட்டுத்தான் இருக்கறீங்க, நானும் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன். இத்தோட முடிச்சுக்கலாம்.”

துளசாமணி நேர்ந்தது நாளைக்குத் தீர்ந்துவிடும். நஞ்சப்பன் தட்டுக்குக் கை நீட்டினான்.

“ஒண்ணே ஒண்ணு” என்றார் தெய்வசிகாமணி. “மைக்குல வெளிநாட்டுப் பலகாரம்னுதான் சொல்லுவோம். நீயும் அந்தச் சீமைக் கிழங்கு பேரை அம்மன் முன்னால எடுக்கப்படாது. யாராச்சும் கேட்டாலும் சொல்லப்படாது. கட்டுப்பாடு கட்டுப்பாடாவே இருக்கட்டும், உன்ற நேத்திக்கடனும் தீந்துரும். ஆருக்கும் நட்டமில்ல.”

நஞ்சப்பன் நீட்டின கையை மடக்கிக்கொண்டான். மூட்டைக்காரர்கள் நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ற பொண்டாட்டி வெளிநாட்டுப் பலகாரம் நேந்துக்கலீங்.”

“பேருல என்னடா இருக்குது?”

“ஒண்ணுமில்லீன்னா சொல்லிட்டுப் போறனுங்.”

“சொன்னீன்னா தூக்கி வெளியில வெச்சுருவேன்.”

“வெய்யுங். அடுத்த வருசமும் கொண்டாருவேன். நானு செத்தா ஒண்டிமுத்து கொண்டாருவான். உருளைக்கிழங்குன்னு சொல்லியே கொண்டாருவான். தட்டை எடுத்துக்கிட்டுப் போங்.”

அவர்கள் போன பிறகு ஒண்டிமுத்து மெதுவாக வந்து, “ஏனுங்கண்ணா, கைக்கு வந்ததை விட்டுட்டீங்ளே, ஒரு பேருதானுங்” என்றான். நஞ்சப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தான். “உன்னை ஒருத்தன் வூட்டுக்குள்ள கூப்பிட்டு மொத பந்தியில உக்கார வெக்கறான். ஆனா நீ ஒண்டிமுத்து இல்ல, வேற எவனோன்னு சொல்லோணும்ங்கறான். உக்காருவயாடா?” ஒண்டிமுத்து யோசித்தான். “பந்தியில என்ன போடறாங்கன்னு பாக்கோணுமுங்” என்றான். நஞ்சப்பன் அவன் முதுகில் ஓர் அறை விட்டான். இருவரும் மறுநாளைக்கு வேண்டிய விறகைப் பிளக்கப் போனார்கள்.

பதினைந்தாம் நாள் விடிந்ததும் நஞ்சப்பன் குளித்து, புது மண்பானையில் தண்ணீர் வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, முழுசு முழுசாகக் கிழங்கைப் போட்டு வேகவைத்தான். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, இறங்கின தோளில் தாங்காது என்று வலது தோளில் ஏற்றிக்கொண்டு, மண்டி வழியாகக் கடைவீதி வழியாகக் கோயிலுக்கு நடந்தான். பின்னால் நாற்பது மூட்டைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் கடையைச் சாத்திவிட்டு மெகருன்னிசா. கோயில் முன்னால் எள் போட்டால் கீழே விழாது. நூறு பானைகள் வரிசையாக இருந்தன. நட்ட நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கூட்டத்துக்குக் காட்டுவதற்குக் கமிட்டிக்கு ஒரு பானை வேண்டியிருந்தது. அவன் அந்தக் காலி இடத்தில் பானையை இறக்கினான்.

“அடுத்ததாக, உலகப் புகழ்பெற்ற வெளிநாட்டுப் பலகாரம்…” என்று மைக்கில் குரல் தொடங்கியது.

“உருளைக்கிழங்கு!” என்று நஞ்சப்பன் கத்தினான். மைக் இல்லாமலே அது கோபுரத்தில் பட்டுத் திரும்பியது. மூட்டை தூக்கின தொண்டை. “துளசாமணி நேந்துக்கிட்ட உருளைக்கிழங்கு!”

கத்திவிட்டுத் துணியை அவிழ்த்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வெண்ணெய் இல்லை, பாலாடை இல்லை, அடுக்கு இல்லை, மடிப்பு இல்லை. தோல் வெடித்து, மஞ்சள் ஏறி, ஆவி பறக்கிற முழு உருளைக்கிழங்குகள் இருந்தன. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மெகருன்னிசா பழக்கத்தில் கைப்பேசியைத் தூக்கி, பார்த்துவிட்டு, இறக்கிக்கொண்டாள்.

“இது எந்த நாடுங்?” என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

“மூட்டைப்பேட்டை” என்றான் ஒண்டிமுத்து.

தெய்வசிகாமணி வந்தார். முகம் சிவந்திருந்தது. இருபத்து மூன்று வருசம் பழகின கை தானாகவே இரண்டு விரலை நீட்டிப் பானையின் கழுத்துக்கு இறங்கிற்று. நஞ்சப்பன் பானைக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டான். சூடு மார்பில் ஏறியது; விடவில்லை.

“கையை எடுங் மொதலாளி” என்றார் ஒருவர். பூசாரி ஆறுக்குட்டி. இத்தனை நாளும் மெஸ்ஸில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனுசன், கற்பூரத் தட்டோடு சன்னதி வாசலில் நின்றிருந்தார்.

“பூசாரி, நீங்க உங்க வேலையைப் பாருங். சீமைக் கிழங்கு அம்மனுக்கு ஆகாது.”

“ஆகாதுன்னா இத்தனை நாளா ஆகாதுங்” என்றார் ஆறுக்குட்டி. “நீங்கதான் விரதச் சோறுன்னு மைக்குல சொன்னீங். நீங்கதான் என்னை அங்க உண்ணச் சொன்னீங். தினமும் இதைத்தான் தின்னேன், தின்ன கையோட அம்மனுக்கு மஞ்சள் பூசினேன், அபிசேகம் பண்ணினேன். இப்ப என்ற வயித்துல இருக்கறது முச்சூடும் உருளைக்கிழங்குதானுங். அது தீட்டுன்னா நானும் தீட்டு, நானு தொட்ட அம்மனும் தீட்டு. கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு, மறுபடி நோம்பு சாட்டி, மறுபடி மொதல்ல இருந்து பதினஞ்சு நாளு நடத்தோணுமுங். சொல்லுங், நடத்தீரலாம்.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. “இன்னொரு பதினஞ்சு நாளா? தாளிக்காமயா?” அதற்குப் பின்னால் இன்னொரு குரல், அதற்குப் பின்னால் நூறு. “ஒரு கிழங்கு பேருக்காக ஊரே பருப்புத் தண்ணி குடிக்கோணுமா?” “நீங்க நாலு வட்டம் தின்னீங்ளே மொதலாளி, அப்ப ஆகுமாக்கும்?” “கற்பூரத்தைக் காட்டுங் பூசாரி, வூட்டுல கடுகு காத்துக்கிட்டு இருக்குது!” சிரிப்பும் கூச்சலும் கலந்து, கம்பத்தைச் சுற்றி அலையாக எழுந்தது. மற்ற நாலு கமிட்டிக்காரர்களும் ஒருவர் பின்னால் ஒருவராக நகர்ந்து போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

தெய்வசிகாமணி நீட்டின இரண்டு விரலையும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கற்பூரம் எரிந்தது. பம்பை மேளம் முழங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள், எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நஞ்சப்பன் கண்ணை மூடவில்லை. தட்டு நூறு பானைகளையும் சுற்றி வந்து தன் பானையின் மேலேயும் ஒரு சுற்றுச் சுற்றிப் போகிற வரைக்கும், யாராவது அதைத் தூக்கிவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஆவியோடு கற்பூரப் புகை சேர்ந்து கிழங்கின் மேல் இறங்கியது. “துளசா, வெச்சாச்சு” என்றான். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.

பூசை முடிந்ததும் பானைக்காரர்கள் அவரவர் பானையிலிருந்து பிரசாதம் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு மற்றப் பானைகளை ஒருவரும் சீண்டவில்லை. ஊரும் வெளியூரும் நஞ்சப்பன் முன்னால் வரிசையில் நின்றது. அவன் ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு கிழங்காகப் போட்டான். பூசாரிக்குப் போட்டான், ஒண்டிமுத்துவுக்குப் போட்டான், கயிற்றைத் தூக்கி மெகருன்னிசாவைக் கூப்பிட்டுப் பெரிதாகப் பார்த்துப் போட்டான். வரிசை நகர்ந்து நகர்ந்து, ஒரு கை வந்து நீட்டி நின்றது. மோதிரம் போட்ட கை. நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தான். கமிட்டித் தலைவர் படையல் பிரசாதம் வாங்காமல் கோயிலை விட்டுப் போகக் கூடாது, அதுவும் கட்டுப்பாடுதான்.

நஞ்சப்பன் பானைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

“என்ன வேணுமுங்?”

“பிரசாதம்.”

“என்ன பிரசாதமுங்?”

தெய்வசிகாமணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார்.

“கேக்கலீங். மூட்டைக்கடியில கெடந்ததுல இருந்து ஒரு காது மந்தமுங்.”

“உருளைக்கிழங்கு.”

“இன்னுங் கொஞ்சம் உரக்கச் சொல்லுங். பின்னால நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்.”

“உருளைக்கிழங்குடா!” என்றார் தெய்வசிகாமணி, ஊரே கேட்க, அம்மனே கேட்க.

நஞ்சப்பன் பானைக்குள் குனிந்து, கையால் துழாவித் துழாவி, இருந்ததிலேயே சின்னதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அவர் கையில் வைத்தான்.